பிறந்தகம் வந்த மீன்

இராஜா அண்ணாமலைபுரத்தை அடுத்த மயிலையில் முன்பு கோயில் கொண்டிருந்த நேமிநாத தீர்த்தங்கரர், மணவிருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் துறவு பூண்டவர். அவர் முத்தியடைந்த கிர்நார் மலை சௌராட்டிரத்தில் உள்ளது.

அச்சௌராட்டிரக் கடலில், படகுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காகத் திமிங்கிலச் சுறாக்கள் கொல்லப்பட்டுவந்தன. 2001இல் சட்டம் தடுத்தது. மீனவர் மனத்தை மாற்றியதோ, 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை தொடங்கிய இயக்கத்தில் ஊர்தோறும் நடிக்கப்பட்ட நாடகம் எனலாம். மீனவர் மகள் பிள்ளைப்பேற்றுக்குப் பிறந்தகம் வரும் கதையோடு அம்மீனின் வருகையை அது இணைத்தது. இராமகதை சொல்லும் மொராரி பாபுவும் அவ்வாறே எடுத்துரைத்தார். கருவுற்ற மகளை எவர் கொல்வார்? சிக்கிய சுறாவை மீனவர் தம் வலையை அறுத்தே விடுவித்தனர். வலைக்கு வனத்துறை இழப்பீடு தந்தது உண்மையே. ஆயினும் அம்மீனுக்கு வழங்கிய 'வ்ஹாலி', அதாவது அன்புக்குரியவள் என்னும் பெயர், இழப்பீட்டுக்காக வந்ததன்று.