ஒரே கப்பல், மூன்று வாசிப்பு

சோழ இளவரசி சீர்பாததேவி வந்த கப்பல் திருகோணமலைக் கடலில் அசையாமல் நின்றது. கடலுக்குள் இறங்கிப் பார்த்தவர்கள் பிள்ளையார் சிலையொன்றைக் கண்டெடுத்தார்கள். இந்தக் கப்பல் தடையின்றிச் சென்று எங்கே கரை சேர்கிறதோ அங்கே கோயில் எடுப்பேன் என்று அவள் நேர்ந்துகொண்டாள். கப்பல் கிழக்கிலங்கையின் வீரமுனையில் வந்து தங்கியது. சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் எழுந்ததற்கு நம் ஊர் மரபு சொல்லும் கதை இது. ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை எவரும் பாடமாக நடத்துவதில்லை, கேட்டே வளர்கிறார்கள்.

அதே பிள்ளை சிங்களம், ஆங்கிலம் போன்ற இரண்டாம் மொழிப் புத்தகத்தைத் திறக்கும்போது அறியாத எழுத்து, அறியாத சொல், அறியாத கதை மூன்றையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்கிறது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வரியின் முடிவுக்கு வரும்போது வரியின் தொடக்கம் மறந்துபோகிறது. அந்தப் பிள்ளைக்கு வாசிப்பு வராது என்று முடிவுகட்டிவிடுகிறோம். குறை பிள்ளையிடம் இல்லை. நாம் கொடுத்த பக்கத்தில் இருக்கிறது.

இந்தச் சுமையைப் பிரித்துக் கொடுக்கும் வழியை அமெரிக்காவில் பிறமொழி கற்பித்த ஆசிரியர்களான லாரி கிளார்க், மிஷேல் வேலி இருவரும் வகுத்துப் பரப்பினார்கள். ஒரே கதையை மூன்று நான்கு அடுக்காக எழுதுவது அது. முதல் அடுக்கு நாலைந்து வரிதான். இரண்டாம் அடுக்கில் முதலடுக்கின் வரிகள் எல்லாம் இருக்கும். அவற்றின் இடையிடையே புதிய விவரம் சேரும். மூன்றாவது, இரண்டாவதை முழுதாக உள்ளடக்கும். கதையைச் சுருக்கிக் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. சுருக்கத்தை வாசித்த பிள்ளை மூலத்துக்குப் போனால் அங்கே மீண்டும் புதியவனாகவே நிற்பான். அடுக்குக் கதையில் அடுத்த பக்கத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே அவனுக்குச் சொந்தம்.

தமிழ்க் கல்விக்கு இந்த முறை அந்நியமன்று. இறையனார் களவியல் உரை ஒரு சூத்திரத்தை நான்கு நிலையில் விளக்கச் சொல்கிறது: கருத்துரைத்தல், கண்ணழித்தல் (சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் கூறல்), பொழிப்புத் திரட்டல் (பொருளைத் தொகுத்துச் சொல்லல்), அகலங் கூறல் (விரித்துரைத்தல்). மாணவன் ஒரே நூற்பாவுக்கு நான்கு முறை திரும்பி வருகிறான். ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கொண்டுபோகிறான். நம் முன்னோர் இலக்கணத்துக்குச் செய்ததை நாம் இரண்டாம் மொழிக்குச் செய்யத் தயங்க வேண்டியதில்லை.

சீர்பாததேவி கதையையே சிங்களத்தில் எழுதிப் பார்க்கலாம். முதல் அடுக்கு: ‘குமாரிய நெவென் ஆவா. நெவ முஹுதே நதர வுணா.’ இளவரசி கப்பலில் வந்தாள், கப்பல் கடலில் நின்றது. கதை தெரிந்த பிள்ளைக்கு நெவ எது, முஹுத எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை, ஊகித்துவிடும். இரண்டாம் அடுக்கு: ‘லஸ்ஸன குமாரிய லொகு நெவென் ஆவா. லொகு நெவ திரிகுணாமலயே முஹுதே நதர வுணா.’ இரண்டு அடைமொழியும் ஓர் ஊர்ப்பெயரும் சேர்ந்தன, மற்றவை பழகியவை. நேர்த்திக்கடனும் வீரமுனையும் மூன்றாம் அடுக்குக்கு. (நெவ என்பதன் முதல் உயிரொலி தமிழில் இல்லை; தமிழ் எழுத்தில் அதை நெருங்கத்தான் முடியும். வகுப்பில் சிங்கள எழுத்திலேயே எழுத வேண்டும்.)

இங்கே ஆசிரியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கள வாக்கியம் தமிழைப் போலவே வினையில் முடியும். பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவள் எவருக்கும் ‘ஆவா’ ஒன்றே போதும். ஆகவே சிங்கள அடுக்கில் சொல்லைத் தாராளமாகக் கூட்டலாம். அங்கே புதிதாகக் கற்க வேண்டியது எழுத்தும் சொல்லும்தான். ஆங்கிலம் அப்படியன்று. வினை நடுவில் வந்து நிற்கிறது. தமிழில் பெயருக்கு முன்னே வரும் எச்சத் தொடர் அங்கே பெயருக்குப் பின்னே போகிறது. எனவே ஆங்கில அடுக்கில் சொற்களைக் கட்டுப்படுத்தி வாக்கிய அமைப்பை மெல்ல விரிக்க வேண்டும். இரண்டு மொழிக்கும் ஒரே அளவுகோலை வைத்து எழுதினால் இரண்டுமே கெடும்.

வீரமுனையைச் சுற்றிச் சம்மாந்துறையும் கல்முனையும் இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கலந்திருக்கும் வகுப்பில் ஒரு கோயிற் கதை மட்டும் போதாது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நாகூர் இறைநேசர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் கொடியேறுகிறது. அவரைப் பற்றியும் ஒரு கப்பல் கதை உண்டு. நடுக்கடலில் ஓட்டை விழுந்து கப்பல் மூழ்கப்போகிறது, மாலுமிகள் வேண்டுகிறார்கள், நாகூரில் முடி மழித்துக்கொண்டிருந்த ஆண்டகை கையில் இருந்த கண்ணாடியை வீச, அது போய் ஓட்டையை அடைக்கிறது. கப்பல், கடல், நின்றது, வேண்டினார்கள், போனது: இரண்டு கதைக்கும் அடித்தளச் சொற்கள் ஒன்றே. ஒன்றை வாசித்த பிள்ளை மற்றதன் முதல் அடுக்கைத் துணையின்றி வாசிக்கும். அடுத்த வாங்கில் இருக்கும் தோழனின் வீட்டுக் கதையையும் அறிந்துகொள்ளும். இந்தக் கரையில் மொழிப்பாடம் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கொடை வேறு எங்கே கிடைக்கும்?

ஒரு பனுவலைத் துணையின்றி வாசித்துப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷனும் அவருடன் ஆய்ந்தவர்களும் கண்டது. ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிது. வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1920களிலேயே புதிய சொற்களை இடைவெளிவிட்டுத் தூவி வாசிப்பு நூல்கள் ஆக்கினார். ஃபிஜித் தீவுக் கிராமப் பள்ளிகளில் 1980இல் ஆய்வாளர்களான எல்லியும் மங்குபாயும் கதைப் புத்தகங்களை அள்ளிக் கொடுத்துப் பார்த்தபோது, வாடிக்கைப் பாடமுறையில் பயின்றவர்களைவிடக் கதை வாசித்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் முந்தினார்கள். அப்படி அள்ளிக் கொடுக்கப் புத்தகம் இல்லாத பள்ளிக்கு அடுக்குக் கதை பொருந்தும். ஒரு தாளின் இரு பக்கமும் கரும்பலகையும் போதும்.

இரண்டாம் மொழியின் தேவை நம் வாசலில் நிற்கிறது. 2007ஆம் ஆண்டின் பொதுநிர்வாகச் சுற்றறிக்கைக்குப் பிறகு அரச சேவையில் சேர்கிறவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டியுள்ளது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் புகுகிறவர்களில் பலர் ஆங்கிலத்திலேயே பாடம் படிக்கிறார்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் ஆங்கிலக் கவிதையைத் தமிழுக்குக் கொண்டுவரும் அளவுக்கு வாசித்தவர். அந்த வாசிப்பு இக்கரைக்குப் புதிதல்ல.

கடைசி அடுக்கை மட்டும் ஆசிரியர் எழுதக்கூடாது. மூன்றாவதை முடித்த பிள்ளைகளிடம் வரிகளுக்கு நடுவே இடம் விட்ட தாளைக் கொடுத்து, கதையில் சொல்லாமல் விட்டதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்: கப்பல் நின்ற இரவு இளவரசி என்ன சாப்பிட்டாள், மூழ்கிப் பார்த்தவன் பயந்தானா, ஓட்டை அடைபட்டபின் மாலுமி வீட்டுக்கு என்ன எழுதினான். பிழைகளைத் திருத்திப் படியெடுத்துத் தைத்தால், அதுவே அடுத்த ஆண்டு வகுப்புக்கு வாசிப்பு நூல். எழுதிய பிள்ளையின் பெயர் அட்டையில் இருக்கட்டும்.