ஹியூம் காத்திருந்த புத்தகம்

ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' லண்டனில் 1776 மார்ச் 9 அன்று வெளியானது. பத்து வருடத்துக்கும் மேலாக எழுதிய புத்தகம். நண்பர்களும் வாசகர்களும் ரொம்பவே எதிர்பார்த்திருந்தார்கள். அதிகம் தவித்தவர் எடின்பரோவில் நோயோடு இருந்த தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம். அமெரிக்க விவகாரம் முடியட்டும் என்று காத்திருந்தால் நாளாகிவிடுமே என்று பிப்ரவரியிலேயே ஸ்மித்துக்குக் கடிதம் போட்டார்.

படித்ததும் ஏப்ரல் 1 அன்று மனம் நிறைந்து பாராட்டினார். எப்படி வருமோ என்ற நடுக்கம் தீர்ந்ததாம். ஆனாலும் விலை விஷயத்தில் விடவில்லை. நிலக் குத்தகை விளைச்சலின் விலையில் சேராது. சரக்கின் அளவும் கிராக்கியும்தான் விலையை முடிவு செய்யும் என்றார். நான் ஹியூம் கட்சி! இதையெல்லாம் நேரில்தான் பேச வேண்டும், உடம்பு மோசம், அதிக நாள் தாங்காது என்றும் எழுதினார். ஐந்து மாதம் முடியுமுன், ஆகஸ்ட் 25 அன்று, ஹியூம் காலமானார்.