வரி விலையும் வாணிப ஆதாயமும்: கனகசெட்டிக்குளம் எல்லையை முன்வைத்து

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்குகிறது. காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. பல்கலைக்கழகத்தைத் தாண்டிக் கனகசெட்டிக்குளத்தோடு அதுவும் முடிந்து, கூனிமேட்டில் மீண்டும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் பெற்ற நிலத்தின் மிச்சம் இது. எல்லையின் இருபுறமும் மண்ணோ கடலோ உழைப்போ மாறவில்லை. மதுப் புட்டியின் விலை மட்டும் மாறுகிறது. இந்த விலை வித்தியாசத்தைப் புதுச்சேரிக்கு வாய்த்த 'ஒப்பீட்டு நன்மை' என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்வது கோட்பாட்டையே தலைகீழாக்குவது என்பதே என் வாதம்.

அந்தக் கோட்பாட்டுக்கு டேவிட் ரிக்கார்டோ 1817-இல் தந்த கணக்கில், ஓராண்டுக்கு வேண்டிய துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரும் போர்ச்சுகலில் 90 பேரும் உழைக்க வேண்டும். திராட்சை மதுவுக்கு முறையே 120 பேரும் 80 பேரும். இரண்டிலும் போர்ச்சுகலே கெட்டி. ஆனால் ஓர் அளவு மதுவுக்காக இங்கிலாந்து 1.2 அளவு துணியைக் கைவிடுகிறது, போர்ச்சுகலோ 0.89 அளவைத்தான். இந்த வாய்ப்புச் செலவின் வித்தியாசத்திலிருந்துதான் இரு நாட்டுக்கும் ஆதாயம் பிறக்கிறது.

நம் வட்டாரத்தில் இதற்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மார்சேய் எண்ணெய், சவர்க்கார ஆலைகள் எண்ணெய் வித்து தேடி அலைந்தன. 1879-இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை திறந்ததும், தென்னார்க்காட்டின் புஞ்சைகள் புதுச்சேரித் துறைமுகத்துக்கு மிக அருகில் வந்துவிட்டன. வானம் பார்த்த செம்மண் காணியில் மல்லாட்டை போட்டவர் இழந்தது வரகும் கம்பும். ஊடுபயிராகக் கொஞ்சம் கம்பு விதைத்தவர் அதிலும் ஒரு பங்கை மீட்டுக்கொண்டார். நஞ்சை நெல்லை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இழப்பு சிறியது, கைக்கு வந்த பணம் பெரியது. பர்மா அரிசி கப்பலில் வந்து இறங்கிய காலமும் அது. இந்த வாணிபத்தை நடத்தியது வரி வித்தியாசம் அன்று. மண்ணும் மழையும் மார்சேயின் தேவையும்தான். ஆதாயத்தில் எவ்வளவு உழவரிடம் தங்கியது, முன்பணம் கொடுத்த தரகரிடம் எவ்வளவு போனது என்பது வேறு கேள்வி. ரிக்கார்டோவின் கணக்கு மொத்தத்தைச் சொல்லும், பங்கீட்டைச் சொல்லாது. விலை வீழ்ந்த 1930-களிலும், பர்மா அரிசி நின்றுபோன 1942-க்குப் பிறகும் அந்தக் குறை வெளிப்பட்டது.

புதுச்சேரியிலிருந்து செனகலுக்குப் போன 'கினே' என்ற நீலத்துணியை இதே தட்டில் வைக்க எனக்குத் தயக்கம் உண்டு. நெசவாளர், சாயக்காரர் திறமை உண்மையானது. செனகல் ஆற்றங்கரையில் அத்துணி கருவேலம் பிசினுக்கு மாற்றாக, ஏறக்குறைய நாணயமாகவே புழங்கியது. ஆனால் பிரெஞ்சுக் குடியேற்ற அரசின் சலுகையும் அதற்கு முட்டுக்கொடுத்தது. திறமையும் சலுகையும் கலந்திருக்கும் இடத்தில் ஒரு சோதனை உதவும்: வரி வித்தியாசத்தை நீக்கினால் வாணிபம் நிற்குமா, தொடருமா?

எல்லை மது இந்தச் சோதனையில் தேறாது. இந்திய அரசுடன் 1941-இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949-இல் முறிந்தபின், புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த 1954 நவம்பர் 1 வரை இங்கே நடந்த கடத்தலும் தேறாது. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். புதுச்சேரியில் தனியார் உரிமக் கடைகள், குறைந்த கலால் வரி. சரக்கு வகையோ பெரும்பாலும் ஒன்றுதான். 2020 மே மாதம், தமிழ்நாட்டிலும் கிடைக்கும் வகைகளின் விலை இங்கும் அதே அளவாகும்படி புதுச்சேரி அரசு சிறப்புக் கலால் வரி விதித்தது. அயல் கூட்டம் வந்து குவியாமலிருக்கவே அந்த ஏற்பாடு. ஊரடங்கும் எல்லைக் கெடுபிடியும் உடனிருந்ததால் அதைத் தூய பரிசோதனை என்று கொள்ள முடியாது. என்றாலும் ஆணையின் நோக்கமே சாட்சி: ஒரு வரி ஆணையால் மூடவும் திறக்கவும் முடிகிற வரத்து, உற்பத்தித் திறனில் வேர்கொண்டதல்ல.

சிறிய நிலப்பகுதி வேறு எப்படிப் பிழைக்கும் என்ற மறுப்பு வலுவானது. ரவி கன்பூரும் மைக்கேல் கீனும் 1993-இல் காட்டியபடி, சிறிய அரசுக்கு வரியைக் குறைப்பதே லாபம். சொந்தக் குடிகளிடம் இழப்பதைவிட அயலாரிடம் பெறுவது அதிகம். ஆனால் அவர்கள் சொல்லும் லாபம் சிறிய அரசின் கருவூலத்துக்கு உரியது. பெரிய அண்டை அரசு இழப்பது அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதன்மேல் சோதனைச்சாவடிக் காவலர் நேரம், புட்டி சுமக்கும் இளைஞர்களின் உழைப்பு, சாலையோர நிலம் என்று இருபுறமும் வாய்ப்புச் செலவு ஏறுகிறது. 2017 ஜூலையில் வந்த சரக்கு சேவை வரி பெரும்பாலான பொருள்களில் இந்த எல்லையை அழித்துவிட்டது. மதுவும் பெட்ரோலும் டீசலும் வெளியே நிற்கின்றன; கனகசெட்டிக்குளத்தில் வண்டிகள் இன்று நின்று வாங்குவதும் பெரும்பாலும் அவற்றைத்தான்.