பகிடி: சொல்லும் உரிமையும்

நாவற்குடா, கல்லடி, தாழங்குடா என்று மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் ஊர்களில், முற்றப்போகும் வாய்த்தர்க்கத்தை அடக்க ஒரு வாசகம் போதும்: "சும்மா பகிடிக்குச் சொன்னன்." தமிழகத்தார் கேலி, கிண்டல், நக்கல் என்று பிரித்து வைத்திருப்பதில் பெரும்பங்கை ஈழத்தார் பகிடி என்ற ஒன்றிலேயே அடக்கிவிடுவர். பகிடி விடலாம், பண்ணலாம். அதிலே பேரெடுத்தவன் பகிடிக்காரன்.

பகடி என்பதே மூத்த வடிவமாகலாம். ஈற்றிலுள்ள இகரம் நடு அகரத்தையும் தன் ஓசைக்கு இழுத்திருக்கலாம். தெலுங்கு நாட்டிலே பட்டப்பகலில் வேடமிட்டு வீதிவீதியாக வந்து சிரிப்பூட்டும் கலைக்குப் 'பகடிவேஷம்' என்று பெயர். அங்கே அச்சொல் பகலைக் குறிக்கும். இரண்டையும் முடிச்சுப் போட ஆசை எழும். ஒலி ஒத்தால் மட்டும் உறவாகிவிடாது. தமிழகத் திறனாய்வாளர் கையில் பகடி ஓர் இலக்கிய உத்தியாகிவிட்டது; மட்டக்களப்பிலே பகிடி நாவை விட்டு இறங்கவில்லை.

யார் யாரைப் பகிடி பண்ணலாம் என்பதுதான் சுவையான பகுதி. மாமன் பிள்ளையும் மாமி பிள்ளையும் மச்சான், மச்சாள், மணமுடிக்கத் தக்கவர்கள். அவர்களுக்குள் பகிடி உரிமை, ஏறக்குறையக் கடமையும்கூட. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளோ அண்ணன், தங்கை முறை. அங்கே அதே வார்த்தை அடி வாங்கித் தரும். ஒருவர் சீண்டலாம், மற்றவர் கோபிக்கக் கூடாது என்ற இவ்வகை உறவைப் பற்றி மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் ஆபிரிக்க உதாரணங்களோடு எழுதினார். மட்டக்களப்பு மச்சாளைச் சந்தித்திருந்தால் கட்டுரை இன்னும் நீண்டிருக்கும்!

இந்த உரிமை உறவோடு நிற்பதில்லை, ஊருக்கும் உண்டு. தொல்காப்பியம் நகை பிறக்கும் நான்கு களங்களில் எள்ளலை முதலில் வைக்கிறது. அந்த எள்ளலை மட்டக்களப்பில் ஊரே கூடி நிகழ்த்துவதுதான் கண்ணகி வழிபாட்டோடு ஒட்டிய கொம்புமுறி. ஊர் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து, வளைந்த இரு கொம்புகளைக் கொளுவி, கயிறு பூட்டி இழுக்கும். ஒன்று முறியும்வரை இழுபறி. எதிர்ச்சேரியை ஏசும் வசைப்பாட்டுகளும் அங்கே ஒலிக்கும். மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் நடக்கும் சடங்கில் வசைக்கும் இடமுண்டு.

உறவோ சடங்கோ தரும் இந்த உரிமையேதும் இல்லாத இடத்துக்கும் பகிடி என்ற சொல் போயிற்று. பல்கலைக்கழகங்களில் புதுமுக மாணவரைத் துன்புறுத்துவதற்கு இலங்கைத் தமிழில் பகிடிவதை என்றே பெயர். சீண்டப்படுபவருக்குத் திருப்பிச் சீண்ட அங்கே வழியில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உடற்காயத்தோடு உளக்காயத்தையும் அச்சத்தையும் இக்குற்றத்துள் சேர்த்து, இரண்டு ஆண்டுவரை சிறை விதிக்க இடமளித்தது.