சேன்ட்-அல்பான் மனநல மருத்துவமனை

தென் பிரான்சின் லொசேர் மாவட்டத்தில், மார்கெரித் பீடபூமியின் மேல், பழைய கோட்டையொன்றில் அமைந்த மனநல மருத்துவமனை. ரயிலடியிலிருந்து தள்ளியிருந்த, பனிக்காலத்தில் வெளியுலகத் தொடர்பே அற்றுப்போகும் ஏழை மலைநாட்டு ஊர். 1821இல் ஹிலாரியோன் திசோ என்ற துறவி இந்தக் கோட்டையை வாங்கி மனநோயாளிகளுக்கான விடுதியாக்கினார். சில ஆண்டுகளில் அது மாவட்ட நிர்வாகத்தின் கைக்கு வந்தது. மாவட்டந்தோறும் மனநோயாளிகளுக்குப் புகலிடம் இருக்கவேண்டும் என்று விதித்த 1838ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்ட இடங்களை நிலைபெறச் செய்தது. அடுத்த நூறாண்டில் சொல்லிக்கொள்ளும்படி ஏதும் நடக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் உலக மனநல மருத்துவம் இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது.

1930களில் இயக்குநராக இருந்த ஆக்னெஸ் மாசோன் என்ற பெண் மருத்துவர், மின்விளக்கு, தண்ணீர்க் குழாய் போன்ற அடிப்படை வசதிகளைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்த பால் பால்வே கத்தோலிக்கர். சீர்திருத்த எண்ணம் கொண்டவர். பிரெஞ்சு முகாமில் அடைபட்டிருந்த ஸ்பானிய அகதி மருத்துவர் ஒருவரை 1940 தொடக்கத்தில் வேலைக்கு வரவழைத்தவர் அவரே. அந்த அகதிதான் பிரான்சுவா தொஸ்கெல்.

தொஸ்கெல் 1912இல் கத்தலோனியாவின் ரெயுஸ் நகரில் பிறந்தவர். ஸ்டாலினை எதிர்த்த மார்க்சியக் கட்சியைச் சேர்ந்தவர். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையின் மனநலப் பிரிவை நடத்தினார். அங்கே மனநல மருத்துவர்களை அவர் அதிகம் நம்பவில்லை. பைத்தியத்தைக் கண்டு அவர்களே பயப்படுகிறார்கள் என்பது அவர் கருத்து. வழக்கறிஞர், விவசாயி, பாலியல் தொழிலாளி என்று மனிதரோடு பழகத் தெரிந்த யாரையும் பயிற்றுவித்துச் சேர்த்துக்கொண்டார். போரில் தோற்றபின் பிரனே மலை கடந்து பிரான்சுக்கு வந்து, செப்ஃபோன் அகதி முகாமுக்குள்ளேயே ஒரு மனநலப் பிரிவைத் தொடங்கியிருந்தார். ஸ்பானியப் பட்டம் பிரான்சில் செல்லாது என்பதால் சேன்ட்-அல்பானில் கடைநிலை ஊழியராகவே வேலையைத் தொடங்கினார். அவர் கொண்டுவந்த நூல்களில் இரண்டைப் பற்றி எப்போதும் பேசுவார்கள்: ழாக் லக்கானின் 1932ஆம் ஆண்டு ஆய்வேடு, நோயாளிக்கு வைத்தியம் செய்யுமுன் மருத்துவமனைக்கு வைத்தியம் செய்யவேண்டும் என்ற ஜெர்மானியர் ஹெர்மன் சிமோனின் நூல். இரண்டாவது நூலே இந்த மருத்துவமனையை மாற்றியது.

ஆனால் முதல் பிரச்சினை கோட்பாடு அல்ல, சோறு. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் ரேஷன் அளவை மட்டும் உண்டு யாரும் உயிர்வாழ முடியாது. மற்றவர்கள் கள்ளச்சந்தையிலும் உறவினர் தோட்டங்களிலும் தேடிக்கொண்டார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. பிரெஞ்சு மனநல மருத்துவமனைகளில் அந்த ஆண்டுகளில் சுமார் 45,000 பேர் பசியாலும் பசி கொண்டுவந்த நோயாலும் மாண்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். சிற்பி கமீல் குளோதெல் 1943இல் இறந்ததும் அப்படியொரு மருத்துவமனையில்தான். 1942 டிசம்பரில் அரசு கூடுதல் ரேஷன் தந்தபோது பெரும்பாலோர் விஷயத்தில் காலம் கடந்திருந்தது.

சேன்ட்-அல்பான் இந்தப் பஞ்சத்தைப் பெருமளவு தாக்குப்பிடித்தது. நோயாளிகள், செவிலியர், கன்னியாஸ்திரிகள் என எல்லோரும் சுற்றுப்புறப் பண்ணைகளுக்குப் போய் உழைத்து, உருளைக்கிழங்கும் வெண்ணெயும் கூலியாகப் பெற்றுவந்தார்கள். காட்டில் உண்ணத்தக்க காளான் எது என்று ஆளுக்காள் கற்றுக்கொண்டார்கள். காசநோயாளிக்குக் கூடுதல் ரேஷன் உண்டு என்பதால், மருத்துவர்கள் தாராளமாகக் காசநோய்ச் சான்று எழுதினார்கள். பொய்ச் சான்றுதான், இந்த மருத்துவமனையின் பதிவேடுகளில் இதைவிட நேர்மையான ஆவணம் வேறில்லை. பூட்டைத் திறந்தது முதலில் பசிக்காக. வெளியே போனவர்கள் ஓடிப்போகவில்லை, பலர் தெளிவடையவும் செய்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. கிராமத்து மருத்துவமனை என்பதுதான் இங்கே பலமாயிற்று: செவிலியரில் பலர் அக்கம்பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள், எந்தப் பண்ணையில் என்ன கிடைக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

1943இல் இயக்குநராக வந்த லூசியன் பொன்னாஃபே கம்யூனிஸ்ட், ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் கோட்டை, தலைமறைவானோருக்கும் புகலிடமாயிற்று. கவிஞர் பால் எலுவார் மனைவி நுஷ்ஷுடன் 1943–44 குளிர்காலத்தை இங்கே கழித்தார். தத்துவவாதி ழார்ஜ் காங்கிலெமும் 1944இல் இங்கே ஒளிந்திருந்தார்.

எலுவார் இங்கே கண்டு வியந்தவர்களில் ஒருவர் ஓகுஸ்த் ஃபொரெஸ்தியே. தண்டவாளத்தில் கூழாங்கற்களை அடுக்கி ரயிலைத் தடம்புரளச் செய்ததற்காக 1914இல் அடைக்கப்பட்டவர். சமையலறைக்குப் போகும் நடைவழியில் தானே ஒரு பட்டறை போட்டுக்கொண்டு, செருப்புத் தைப்பவரின் கத்தியால் வேண்டாத மரத்துண்டுகளைச் செதுக்கினார். இறக்கை முளைத்த மிருகங்கள், பதக்கம் குத்திய தளபதிகள், கப்பல்கள். கொஞ்சம் புகையிலைக்கோ சில்லறைக்கோ ஊரார் வாங்கிப்போனார்கள். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகி உடைந்தவை எத்தனையோ. மார்கெரித் சிர்வான் என்ற பெண், பழைய படுக்கைவிரிப்புகளிலிருந்து நூலை உருவி, ஊசியால் ஒரு திருமண உடையைப் பல ஆண்டுகள் பின்னினார். திருமணம் நடக்கவில்லை. ஓவியர் ழான் துய்புஃபே 1945இல் இங்கே வந்துபோன பிறகு, இருவர் படைப்புகளும் அவர் தொகுத்த கலைச் சேகரிப்பில் இடம்பெற்றன.

போருக்குப்பின் தொஸ்கெலின் முறை நிலைபெற்றது. நோயாளிகளுக்கென ஒரு மன்றம் அமைத்து, அதற்குப் பால்வேயின் பெயர் வைத்தார்கள். மன்றம் சடங்குக்கானதன்று: கூட்டம் நடத்தியது, பணத்தைக் கையாண்டது, விழா எடுத்தது. அந்தக் காலத்தில் அடைக்கப்பட்ட நோயாளி சொந்தமாகக் காசு வைத்துக்கொள்வதே அரிது. எதற்குச் செலவிடுவது என்று அவர்களே வாக்களித்தது சின்ன விஷயமல்ல. 1950 முதல் ஒரு பத்திரிகை மருத்துவமனைக்குள்ளேயே அச்சாயிற்று. ‘நிறுவன உளச்சிகிச்சை’ என்று, மருத்துவமனைக்கே வைத்தியம் பார்க்கும் இந்தப் போக்குக்கு 1952இல் பெயர் சூட்டியவர்கள் தோமேசோன், கெக்லான் என்ற வேறு இரு மருத்துவர்கள்.

இதை மென்மையான வைத்தியம் என்று மட்டும் நினைத்துப் போற்றுபவர்கள் பாதியை மறைக்கிறார்கள். மின்அதிர்ச்சியும் இன்சுலின் மயக்கமும் இங்கே தொடர்ந்தன. அடுத்தடுத்துப் பலமுறை மின்அதிர்ச்சி தரும் பீனி முறை பற்றித் தொஸ்கெலும் மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனானும் 1953இல் கட்டுரை வாசித்தார்கள். அதிர்ச்சியிலிருந்து எழும் நோயாளியைச் சூழ்ந்து மனிதர்கள் இருக்கவேண்டும், அப்போதுதான் அது சிகிச்சை என்பது அவர்கள் வாதம். இன்று அதை ஏற்பது கடினம்.

1952–53இல் இங்கே பயின்ற ஃபனான், பின்னர் அல்ஜீரியாவின் பிளிதா மருத்துவமனையில் இதே முறையைக் கையாண்டார். ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் பலித்தது. முஸ்லிம் ஆண்கள் பிரிவில் தோற்றது. அம்மக்களின் வாழ்க்கைமுறையை அறியாமல் பிரெஞ்சு வடிவத்தை அப்படியே திணித்ததே காரணம் என்று அவரே 1954இல் சக மருத்துவர் அசூலேயுடன் எழுதினார். பிறகு காபிக்கடையும் அவர்களின் பண்டிகைகளும் மருத்துவமனைக்குள் வந்தன. 1947இல் இங்கே பயிற்சிக்கு வந்த ழான் ஊரி, 1953இல் லா போர்த் மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளியை அவர் வாழும் பகுதியிலேயே கவனிக்கவேண்டும் என்ற பிரெஞ்சு அரசின் 1960 மார்ச் சுற்றறிக்கைக்குப் பின்னாலும் பொன்னாஃபே போன்றோரின் சேன்ட்-அல்பான் அனுபவம் இருக்கிறது.

தொஸ்கெல் 1962இல் இங்கிருந்து விலகி, 1994இல் காலமானார். கடைநிலை ஊழியராக அவர் நுழைந்த மருத்துவமனைக்கு இன்று அவர் பெயரே வைக்கப்பட்டுள்ளது. சிர்வானின் திருமண உடை ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.