மறதியின் கணக்கு



பல ஆண்டுகளுக்கு முன் என் வரலாற்று வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து நின்றான். முதல்நாள் தடுமாற்றமின்றி ஒப்புவித்த ஆண்டுகளுள் ஒன்றேனும் மறுநாள் அவன் நாவில் எழவில்லை. "நேற்று வந்தது ஐயா" என்றான். அதனைச் சோம்பலின் சாக்கெனக் கொண்டு நான் பிரம்பை எடுத்தேன். அவன் உரைத்தது மெய்யென எனக்கு உணர்த்தியது, பின்னாளிற் படித்த ஒரு ஜேர்மானிய அறிஞரின் வரலாறு.

மனத்தை எண்ணால் அளத்தல் இயலாது என்பதே நெடுங்காலமாக அறிஞர் பலரின் முடிபாயிருந்தது. உளநூல் கணிதந் தழுவிய அறிவியலாகாது என்னும் கருத்தை இம்மானுவேல் கான்ற் 1786இல் வெளியிட்டார். எனினும், புலனுணர்வை அளவிட முயலும் நூலொன்றைக் குஸ்தாவ் ஃபெக்னர் 1860இல் ஆக்கினார். அதனைக் கற்ற ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பார், புலனுணர்வுக்குரிய அளவு நினைவுக்கும் ஆகுமென எண்ணினார்.

1879ஆம் ஆண்டளவில் அவர் தம் சோதனைகளைத் தொடங்கினார். ஆய்வாளரும் அவரே, ஆய்வுக்குரிய மனமும் அவருடையதே. பழகிய சொற்கள் பழைய நினைவுகளைத் துணைக்கு அழைக்கும். ஆதலால், உயிரொன்றின் இருபுறமும் மெய்களை நிறுத்தி, ஏறக்குறைய 2,300 பொருளற்ற அசைகளை அமைத்தார். அவற்றைத் தொடர்களாக்கி, கடிகார ஒலிக்கேற்ப நிமிடத்துக்கு 150 அசை வீதம் படித்து மனனஞ் செய்தார். குறித்த காலங் கழிந்தபின் அவற்றையே மீண்டுங் கற்று, முன்னைய உழைப்பில் எத்துணை மிச்சமாயிற்று எனக் கணக்கிட்டார்.

1885இல் வெளிவந்த அவர் நூல் கூறும் கணக்கு வியப்புக்குரியது. ஒருமணி நேரத்தின்பின் மிச்சமானது நூற்றுக்கு 44 பங்கு, ஒருநாளின்பின் 34, 31 நாள்களின்பின்னும் 21. மறதி தொடக்கத்தில் விரைந்தோடி, பின்னர் தளர்நடை கொள்கிறது. 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் இச்சோதனையை மீளச் செய்தபோதும் ஏறத்தாழ இதே போக்கினைக் கண்டனர்.

ஒரே நாளில் 68 முறை படித்ததனால் விளைந்த பயன், மூன்று நாள்களிற் பகிர்ந்து 38 முறை படித்தபோதே கிட்டியது என்பதும் அவர் கண்டதே. பரீட்சைக்கு முந்திய இரவில் விளக்கெரித்துப் படிக்கும் நம் பிள்ளைகள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இவற்றினும் என் நெஞ்சைத் தொட்ட செய்தி வேறொன்று. பைரனின் 'டொன் ஜுவான்' காப்பியத்திலிருந்து தாம் மனனஞ் செய்த சில செய்யுள்களை 22 ஆண்டுகள் கழித்து அவர் மீண்டுங் கற்றார். அவற்றின் நினைவு அற்றே போயிற்று எனத் தோன்றியது. ஆயினும், முன்பு கல்லாத செய்யுள்களைக் காட்டிலும் அவை எளிதிற் படிந்தன. மறந்தேம் என்று நாம் கைவிடுவதன் சுவடு மனத்தின் ஆழத்தில் எஞ்சியிருத்தல் கூடும்.

மறத்தல் மனத்தின் இயல்பு. மறந்ததை மீட்டுக் கொடுத்தல் ஆசிரியன் கடன். முதல்நாட் பாடத்தை மறுநாள் ஒருமுறை எடுத்துக் கூறியபின்னரே இன்று நான் வினாக்களைத் தொடுக்கிறேன். அன்று அம்மாணவனுக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒருமுறையே. அதனை மறுத்துப் பிரம்பைக் கொடுத்தேன். அதனை மட்டும் இன்றளவும் நான் மறந்திலேன்.