விசையும் குறியும்: மான் வேட்டைச் சொற்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

மான் வேட்டைக்கு வில்லைத் தேர்ந்தெடுப்பவன் முன் நிற்கும் வினா பழமையானது. அம்பு விரைந்து செல்ல வேண்டுமா, குறி தவறாமல் செல்ல வேண்டுமா என்பதே அது. இரண்டும் வேண்டும் என்று விடை கூறுதல் எளிது. ஆனால் ஒன்றை மிகுத்தால் மற்றொன்று குறையும் நிலை வில்லின் அமைப்பிலேயே உள்ளது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடை செய்துள்ளது. அச்சட்டம் கூறும் கருவிகளுள் வில்லும் அம்பும் அடங்கும். ஆகவே இவ்வினா இன்று நமக்கு வேட்டைக்காரனின் வினாவன்று. பழைய நூல்களைப் படிப்பவரும் மொழிபெயர்ப்பவரும் எதிர்கொள்ளும் வினா. தமிழில் விரைவைக் குறிக்கும் சொற்களும் இலக்குத் தவறாமையைக் குறிக்கும் சொற்களும் எவ்வாறு அமைந்துள்ளன, அவற்றால் வேட்டை பற்றிய எத்தகைய மதிப்பீடு புலனாகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வில்லின் இயல்பு

சொற்களை ஆராயுமுன் பொருளை அறிதல் வேண்டும். மரத்தாலான வில்லிலிருந்து விடுபடும் அம்பு நொடிக்கு 45 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். 20 மீட்டர் தொலைவிலுள்ள மானை அது அடைய ஏறத்தாழ 0.44 நொடி ஆகும். நாணொலியோ நொடிக்கு 340 மீட்டர் சென்று 0.06 நொடியில் மானின் செவியை எட்டிவிடும். அம்பு வந்து சேருமுன் மான் துள்ளி விலகுவதற்குக் கிடைக்கும் காலம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல். 1969இல் அமெரிக்கரான ஹாலஸ் வில்பர் ஆலன் காப்புரிமை பெற்ற, கப்பிகள் பொருத்திய வில்லின் வழிவந்த இன்றைய விற்கள் அம்பை நொடிக்கு 90 மீட்டர் அளவில் செலுத்த வல்லவை. அப்போதும் 20 மீட்டருக்கு 0.22 நொடி ஆகும். அதாவது, எவ்வளவு விரைந்த அம்பும் தன் நாணொலிக்குப் பின்னரே மானை அடைகிறது.

எனினும் விரைவால் ஒரு நன்மை உண்டு. அம்பு செல்லும்போதே புவியீர்ப்பால் தாழ்ந்துகொண்டு வரும். நொடிக்கு 45 மீட்டர் செல்லும் அம்பு 20 மீட்டரில் ஏறத்தாழ 1 மீட்டரும், 30 மீட்டரில் 2.2 மீட்டரும் தாழும். இரு மடங்கு விரைந்த அம்பு முறையே 24 செ.மீ., 54 செ.மீ. அளவே தாழும். தொலைவைத் தவறாகக் கணித்தவனுக்கு விரைந்த அம்பு அத்தவற்றை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. மெதுவான அம்பு பொறுப்பதில்லை. ஆனால் இவ்விரைவைப் பெற வில்லின் வலிமையை மிகுக்க வேண்டும் அல்லது அம்பின் எடையைக் குறைக்க வேண்டும். வலிய வில்லை வளைத்துப் பிடித்த கை நடுங்கும். எடை குறைந்த அம்பு ஆழப் பாயாது, நாணொலியும் மிகும். எனவே தொலைவு குறையக் குறைய விரைவின் தேவையும் குறைகிறது.

இதற்கு நடைமுறைச் சான்றாக மொழியியலாளர் நன்கறிந்த ஒருவரைக் காட்டலாம். கலிபோர்னியாவின் யாகி இனத்தில் எஞ்சிய இறுதி மனிதரான இஷியிடமிருந்து எட்வர்ட் சபீர் 1915இல் யாகி மொழித் தரவுகளைத் திரட்டினார். அதே இஷியிடம் வில்வித்தை பயின்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் 1923இல் வில்வேட்டை பற்றி நூல் வெளியிட்டார். இஷியின் வில் பெரிதும் வலியதன்று. அதன் இழுவிசை 20 கிலோ அளவினது. ஆயினும் மறைந்திருந்து, விலங்கின் ஒலியைப் போல ஒலித்து, மிக அருகில் வரச்செய்து எய்தார். வில்லில் குறைந்ததை அணுகும் திறத்தால் அவர் ஈடுசெய்தார்.

3. விரைவுச் சொற்களும் இடச்சொற்களும்

தொல்காப்பிய உரியியல் கதழ்வு, துனைவு என்னும் சொற்களுக்கு விரைவுப் பொருள் கூறுகிறது. கடி என்னும் உரிச்சொல்லுக்கு அது தரும் பல பொருள்களுள் விரைவும் கூர்மையும் அச்சமும் மிகுதியும் உள்ளன. கடி, கடு என்னும் வடிவங்கள் வரும் தொடர்களில் இப்பொருள்களைப் பிரித்தறிதல் எளிதன்று. கடும்பரி என்பதில் விரைவு முதன்மை பெறுகிறது. கடுங்கண் என்பதில் கொடுமை முதன்மை பெறுகிறது. அம்பின் செலவைக் குறிக்கும் கடுவிசை என்பதில் விரைவும் வன்மையும் ஒன்றாகவே நிற்கின்றன. எய்பவனுக்கு இவை இரண்டல்ல. நாணின் உந்துதலே விரைவாகவும் வன்மையாகவும் வெளிப்படுகிறது.

மான் வேட்டையை உவமையாகக் கொண்ட நற்றிணைப் பாடல் ஒன்று இங்கு நோக்கத்தக்கது. ஆண்மானின் உடலில் அழுந்தி, குருதியுடன் பிடுங்கப்பட்ட அம்பு தலைவியின் கண்ணுக்கு உவமையாகிறது. அதில் அம்பின் செலவு கடுவிசை எனப்படுகிறது. அது தைத்த இடம் நிறம் எனப்படுகிறது. நிறம் என்பதற்கு இங்கு வண்ணம் என்பது பொருளன்று. மார்பு, உயிர்நிலை என்பதே பொருள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இப்பொருளைப் பதிவு செய்துள்ளது. புலவர் விசையைக் கூறியதோடு நில்லாது இடத்தையும் கூறியுள்ளார். இச்சொல்லை வண்ணம் என்று கொள்ளும் மொழிபெயர்ப்பில் வேட்டையின் பாதிச் செய்தி மறைந்துபோகும்.

புறநானூற்று 152ஆம் பாடலில் வன்பரணர், கொல்லிமலைத் தலைவன் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதாகப் பாடுகிறார். இது புலவரின் உயர்வு நவிற்சி. ஆனால் அடைகளின் பங்கீடு கருதத்தக்கது. வில்லுக்கு வல் என்னும் அடையும், அம்பைத் தொடுத்து விடும் செயலாகிய தொடைக்கு விழு என்னும் அடையும் வருகின்றன. வலிமை கருவிக்கு உரியது. சிறப்பு எய்தலுக்கு உரியது. வல்வில் என்பதை விரைவு வில் என்று பெயர்த்தல் இப்பங்கீட்டைக் குலைக்கும்.

4. பிழையும் பிழைப்பும்

குறி தவறுதலைச் சுட்டும் பிழை என்னும் வினை, தவறு செய்தல், இலக்குத் தவறுதல், உயிர் தப்புதல், வாழ்தல் ஆகிய பொருள்களைத் தருகிறது. தப்பு என்பதும் அவ்வாறே தவறையும் தப்பிச் செல்லுதலையும் உணர்த்துகிறது. இப்பொருள்கள் வேட்டையிலேயே தோன்றின என்று கூறுதல் மிகையாகும். ஆனால் அவை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் வேட்டை எனலாம். அம்பு பிழைத்தது என்றால் எய்தவனுக்குத் தவறு. மான் பிழைத்தது என்றால் மானுக்கு உயிர். ஒரே நிகழ்ச்சி எழுவாய் மாறப் பொருள் மாறுகிறது.

திருக்குறளின் 772ஆம் குறள் முயலை எய்த அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலை ஏந்துதலை மேலானதாகக் கூறுகிறது. அங்கும் தவறுதலைக் குறிக்க வருவது பிழைத்தல் என்னும் வினையே. குறி தவறுதலை வள்ளுவர் போற்றினார் என இதைக் கொள்ளலாகாது. இக்குறள் படைச்செருக்கு அதிகாரத்தில் அமைந்தது. போர்க்கள மறத்தின் அளவுகோல் அது. வேட்டையின் அளவுகோல் வேறு.

அண்டை மொழியொன்றுடன் இதை ஒப்பிடலாம். மும்பையின் சயான், மாட்டுங்கா, தாராவிப் பகுதிகளில் தமிழும் மராத்தியும் அருகருகே வழங்குகின்றன. மராத்தியில் நேம் என்பது குறி. நேமகா என்பது சரியான, துல்லியமான என்னும் பொருளுடையது. சுக்ணே என்பது தவறுதல்; அதன் பிறவினை வடிவமான சுகவிணே என்பது ஒன்றிலிருந்து விலகித் தப்புதலையும் குறிக்கும். தவறுக்கும் தப்புதலுக்கும் உள்ள உறவு தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்குகிறது.

5. தப்பிச் சென்ற மான்

அகப்பொருள் மரபில் இவ்வுறவு ஒரு துறையாகவே வளர்ந்துள்ளது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வில்லேந்தி நாய்களுடன் வரும் தலைவன், தன்னிடமிருந்து தப்பிய விலங்குகளைப் பற்றி மகளிரிடம் வினவுகிறான். மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்பன தனித்தனித் துறைகள். அம்பு தைத்த மான் இவ்வழி வந்ததோ என்று கேட்பது தலைவிக்கும் தோழிக்கும் தன் உள்ளத்தை உணர்த்தும் உபாயம். தோழியும் அவன் கருத்து மானில் இல்லை என்று ஐயுறுகிறாள்.

உபாயமாயினும் அது நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும். அம்பு தைத்தும் வீழாத மான் நெடுந்தொலைவு ஓடும் என்பதும், எய்தவன் அதைத் தேடிச் செல்வான் என்பதும் கேட்போர் அறிந்த செய்தியாக இருந்தமையாலேயே இத்துறை நிலைபெற்றது எனக் கருத இடமுண்டு. விசை இருந்தது, நிறத்தில் தைக்கவில்லை. அக்குறையை மறைக்காமல் சொல்லித் திரியும் தலைவனை மரபு இழிவுபடுத்தவில்லை. ஆனால் புண்பட்ட மானைக் கைவிடாமல் பின்தொடர்தல் எய்தவனின் கடன் என்னும் எண்ணம் இவ்வினாவில் பொதிந்துள்ளது.

12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில், கண்ணப்பர் வேட்டையைப் பாடும் சேக்கிழார் இக்கடனை மற்றொரு பக்கத்திலிருந்து காட்டுகிறார். வேடர் யானைக் கன்றுகளையும் சிறு குருளைகளையும் கருவுற்ற விலங்குகளையும் கொல்லாது விட்டனர் என்பது அவர் கூற்று. எய்யுமுன் நோக்கித் தேர்பவனே இவ்வாறு விடுக்க இயலும். விரைவு மட்டும் கருதும் கைக்கு இது கூடாது.

6. முடிவுரை

விசை வில்லுக்கு உரியது, குறி எய்பவனுக்கு உரியது, இரண்டின் விளைவு மானுக்கு உரியது என்னும் பாகுபாட்டைத் தமிழ்ச் சொற்கள் காத்து வந்துள்ளன. இதை மொழிபெயர்ப்பில் பேணச் சில எச்சரிக்கைகள் தேவை. கடு என்னும் அடையைச் சூழல் நோக்காது விரைவு என்று மட்டும் பெயர்த்தல் கூடாது. தற்காலத் தொழில்நுட்ப எழுத்தில், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வேகம், திசைவேகம் என வேறுபடுத்துவதை இலங்கைப் பாடநூல்கள் கதி, வேகம் என வேறுபடுத்துகின்றன. ஒரு நாட்டின் வேகம் மற்றொரு நாட்டின் வேகமன்று. துல்லியம் என்பது வடமொழியில் ஒப்பு எனப் பொருள்படும் சொல்லின் வழிவந்தது. அம்புகள் ஒன்றையொன்று ஒட்டித் தைத்தலையும் குறியில் தைத்தலையும் அவ்வொரு சொல்லாலேயே குறித்தால் குழப்பம் விளையும். ஐந்து அம்புகள் ஒரே இடத்தில் செறிந்து தைத்தும் அவ்விடம் நிறமாக இல்லாது போகலாம். அந்நிலையில் அம்பின் பிழையே மானின் பிழைப்பாகும். அல்லது காட்டில் எங்கோ வீழும் அதன் நெடிய துன்பமாகும். இவ்விரண்டையும் பிரித்துணரும் சொல்லைத் தேர்வதே மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள பணி.